ஆடு திருட வந்தவனை அடித்ததற்கு மச்சான் மேல் கேஸ். தற்காப்பு என்று சொன்னால் நிற்குமா, வக்கீல் எப்படி வைப்பது?

மத்தூர் மாப்பிள்ளை:

வணக்கம். கொஞ்சம் அவசரம், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாமனார் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், மத்தூர் பக்கம். மனைவியின் தம்பிதான் அங்கே இருந்து காட்டையும் ஆடுகளையும் பார்த்துக்கொள்கிறான். வீட்டுச் சுவரை ஒட்டியே ஓடு போட்ட ஆட்டுக் கொட்டாய், கதவு உண்டு, ராத்திரியில் பூட்டு போடுவார்கள்.

சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் நாய் விடாமல் குரைத்திருக்கிறது. மச்சான் டார்ச்சோடு வெளியே போனால் நாதாங்கியைப் பெயர்த்துவிட்டு இரண்டு பேர் கொட்டாய்க்குள் நிற்கிறார்கள். (மறுநாள் போச்சம்பள்ளி சந்தை. விடிவதற்குள் ஆட்டைக் கைமாற்றிவிடலாம் என்று கணக்கு போட்டிருப்பான்கள், எங்கள் பக்கம் இது புதிதில்லை.) ஒருவன் ஓடிவிட்டான். இன்னொருவன் கொடுவாளை வீச, மச்சானுக்கு இடது முன்கையில் வெட்டு. அங்கே சாத்தி வைத்திருந்த மண்வெட்டிக் காம்பை எடுத்து இவன் திருப்பி அடித்திருக்கிறான். ஒரு அடி அவன் கையில், அடுத்தது தலையில். அவன் விழுந்துவிட்டான்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்ததும் ஒரு பையன் மச்சானை பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான், தையல் போட்டிருக்கிறது. பிரச்சினை அதற்கு அப்புறம்தான். விழுந்தவனைப் புளியமரத்தில் கட்டி வைத்து ஊரே அடித்திருக்கிறது. கால் முறிவு. விடிந்த பிறகுதான் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "ரோட்டில் போனவனை முன்விரோதத்தில் கூடி அடித்தார்கள்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டான். இப்போது மச்சான் பெயரும் "மற்றும் சிலர்" என்றும் போட்டு எஃப்.ஐ.ஆர். கொலை முயற்சிப் பிரிவும் அதில் இருக்கிறது. நாளை காலை ஸ்டேஷனுக்கு வந்து ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம்.

என் கேள்விகள்: இது தற்காப்பு ஆகுமா? "நான் தொடவே இல்லை, அவனே வண்டியில் இருந்து விழுந்தான் என்று சொல்லிவிடு" என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்கிறார், அப்படிச் சொல்லலாமா? ஊரில் எல்லோரும் பணம் போட்டு எல்லோருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் வைக்கிறோம் என்கிறார்கள், அது சரியா?

கிழக்குமேட்டான்:

இதற்கெல்லாம் ஏன் பயப்படுகிறீர்கள் ப்ரோ? வீடு புகுந்து திருட வந்தவனைக் கொன்றாலே கேஸ் நிற்காது, சட்டத்திலேயே இருக்கிறது. தைரியமாகப் போய்க் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்படியே கொட்டாயைச் சுற்றி ஒரு கரண்ட் கம்பி இழுத்து விடுங்கள், அடுத்த தடவை எவனும் வரமாட்டான்.

வழக்காடி:

கிழக்குமேட்டான் சொன்னதைக் கேட்டு எதையும் செய்துவிடாதீர்கள். நான் நம் மாவட்டத்தில் கிரிமினல் கேஸ் நடத்துகிறவன். கட்சிக்காரரின் பேப்பரைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும் நாளை காலைக்குள் நீங்கள் செய்ய வேண்டியவை இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகள், பழைய 96 முதல் 106 வரை இருந்ததுதான். வெறும் திருட்டைத் தடுக்க ஆளைக் கொல்லும் அளவுக்குப் போக உரிமை கிடையாது. அதற்குக் குறைவான காயம் வரைதான், அதுவும் தடுப்பதற்குத் தேவையான அளவுக்குத்தான். ஆனால் திருட வந்தவன் திருடும்போதோ திருடியதைக் கொண்டுபோகும்போதோ அதற்காக ஆளைக் காயப்படுத்தினால் அந்த நிமிடமே அது திருட்டு இல்லை, கொள்ளை. கொள்ளைக்கும், சூரியன் மறைந்து விடிவதற்குள் பூட்டை உடைத்துப் புகுவதற்கும் சட்டம் தரும் உரிமை மிகப் பெரியது, 41ஆம் பிரிவைப் படியுங்கள். வீடு என்றால் மனிதர்கள் குடியிருக்கும் இடம் மட்டும் இல்லை, பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடமும் அதில் வரும். உங்கள் கொட்டாய்க்குச் சுவர், ஓடு, கதவு, பூட்டு எல்லாம் இருப்பதால் அந்த வாதத்தை வைக்கலாம். காட்டில் முள்ளை வைத்து அடைத்த பட்டியாக இருந்தால் அது கஷ்டம். இதெல்லாம் போக, கொடுவாள் வீச்சு உயிர்பயம், கொடுங்காயப் பயம். அதற்கு 38ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது. ஆக உங்கள் மச்சானின் இரண்டு அடிக்கும் நல்ல பதில் உண்டு.

"முதல் அடியிலேயே கொடுவாள் விழுந்துவிட்டதே, இரண்டாவது அடி எதற்கு?" என்று அரசு வக்கீல் கட்டாயம் கேட்பார். இருட்டில், கையில் ரத்தம் ஒழுக, இன்னொருவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் நிற்கிறவனின் அடியைத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது 1952இல் அம்ஜத் கான் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. 2010இல் தர்ஷன் சிங் வழக்கிலும் இந்த உரிமையைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது.

புளியமரம் வேறு கதை. ஆபத்து இருக்கும் வரைதான் உரிமை. விழுந்தவனைக் கட்டிப்போட்ட பிறகு அவன் மேல் விழும் ஒவ்வொரு அடியும் தாக்குதல்தான், அவன் எவ்வளவு பெரிய திருடனாக இருந்தாலும். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம். இங்கே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மரத்தில் கட்டியபோது மச்சான் அங்கே இருந்தானா?

கரண்ட் கம்பி பற்றி: மாரண்டஹள்ளி பக்கம் 2023 மார்ச்சில் கள்ளத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மனிதன் செத்தால் அதைவிட மோசம், கம்பிக்குத் திருடனும் தெரியாது, பக்கத்து வீட்டுக் குழந்தையும் தெரியாது. அதைத் தற்காப்பு என்று சொல்லி யாரும் தப்ப முடியாது, மின்திருட்டு கேஸ் வேறு.

மத்தூர் மாப்பிள்ளை:

ரொம்ப நன்றி சார். மச்சான் அங்கே இல்லை. அடி விழுந்த பத்து நிமிடத்தில் பைக்கில் கிளம்பிவிட்டான். ஊர்ப் பையன் ஒருவன் மரத்தில் கட்டி அடித்ததை செல்போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான், அதிலும் மச்சான் கிடையாது. ஆனால் எங்களுக்காக ஓடி வந்தவர்கள் முகம் எல்லாம் அதில் தெரிகிறது. அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லலாமா என்று யோசிக்கிறார்கள். கொடுவாள் எதிர்வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

அரூர்க்காரன்:

எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் இப்படி ஒரு கேஸை முழுசாகப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். நம்ம பக்கம் ஒரு வழக்கம் உண்டு, முதலில் போய்ப் பெட்டில் படுத்தவன் புகார்தாரர், அப்புறம் வருகிறவன் எதிரி. எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், ஏட்டு வந்து வாக்குமூலம் எழுதுவார், அதுதான் எஃப்.ஐ.ஆர். நீங்கள் நியாயஸ்தன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் காகிதத்தில் உங்கள் பக்கம் ஒரு வரி கூட இருக்காது.

அதனால் மச்சான் தையல் போட்ட ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். போட்டார்களா என்று உடனே பாருங்கள். விபத்துப் பதிவேடு, அதில் எத்தனை மணிக்கு வந்தார், எதனால் காயம், யார் வெட்டியது என்று டாக்டர் எழுதியிருப்பார். "அடையாளம் தெரியாத இரண்டு பேர், கொடுவாள்" என்று அதில் இருந்தால் உங்கள் கேஸில் பாதி ஜெயித்த மாதிரி. கூட்டிப்போன பையன் போலீசுக்குப் பயந்து "தகரம் கிழித்துவிட்டது" என்று சொல்லித் தையல் போட்டிருந்தால் சிக்கல். இப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிறேன் என்பார்கள். அடிபட்டவன் ஆட்களிடம் பணம் கொடுத்தால் கொலை முயற்சிப் பிரிவு தானாகப் போய்விடாது, அது கோர்ட் கையில். பணம் மட்டும் போகும்.

வழக்காடி:

அரூர்க்காரர் சொன்ன ஏ.ஆர். காப்பிதான் இந்தக் கேஸின் உயிர். மச்சான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த நேரம் அதில் இருக்கும், மரத்தில் கட்டி அடித்த நேரம் வீடியோவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கால் முறிவுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை.

எனவே வீடியோவை அழிப்பது பைத்தியக்காரத்தனம். சாட்சியத்தை அழித்தால் 238ஆம் பிரிவில் தனிக் குற்றம், அதிலும் உங்களைக் காப்பாற்றுகிற சாட்சியம் அது! ஸ்டேட்டஸ் ஏற்கெனவே எத்தனை போனுக்குப் போயிருக்கிறதோ. எடுத்த போன் அப்படியே இருக்கட்டும், கோர்ட்டில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர மூலப்போன் தேவைப்படும். கொடுவாளை இனி யாரும் தொட வேண்டாம், துடைக்க வேண்டாம், வக்கீல் மூலம் எழுத்தில் தெரிவித்துப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பெயர்ந்த நாதாங்கி, பூட்டு, மச்சானின் ரத்தம் பட்ட சட்டை (மாமியார் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்) எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து, "தொடவே இல்லை" என்று சொல்வது. வேண்டவே வேண்டாம். தற்காப்பு என்றால் "அடித்தேன், இன்ன காரணத்துக்காக அடித்தேன்" என்று சொல்வதுதான். இன்றைக்கு வண்டியில் இருந்து விழுந்தான் என்று சொல்லிவிட்டு விசாரணையில் தற்காப்பு என்று மாற்றினால் எந்த நீதிபதியும் முகத்தைச் சுளிப்பார். தற்காப்பை நிரூபிக்கும் சுமை நம் மேல்தான், ஆனால் அரசுத் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதை எடுக்கலாம், முன்ஷி ராம் வழக்கு 1968. குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பில் இருக்கும் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால் அதுவே அவர்கள் கதையில் ஓட்டை, லட்சுமி சிங் வழக்கு 1976. முன்கை வெட்டு உங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

பொய் சொல்லக் கூடாது என்பதால் ஸ்டேஷனில் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சாட்சி என்ற முறையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது சட்டம். அப்படியானால் "ஒரு பேப்பரில் கையெழுத்து" என்பது என்ன? பெரும்பாலும் ஒப்புதல் வாக்குமூலமும் மண்வெட்டிக் காம்பை எடுத்துக் கொடுத்ததாக ஒரு மகசரும் (கைப்பற்றிய பொருளுக்கு எழுதும் பத்திரம்), வி.ஏ.ஓ. முன்னிலையில் என்று எழுதியிருக்கும். போலீசிடம் தந்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது, ஆனால் அதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3). "சார், என் வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம், அது தப்பே இல்லை. படிக்காமல் எதிலும், வெள்ளைத்தாளில் கட்டாயமாக, கையெழுத்துக் கூடாது.

எனவே நாளை காலை முதல் வேலை ஸ்டேஷன் இல்லை, வக்கீல். கொலை முயற்சிப் பிரிவில் காயமும் இருந்தால் ஆயுள் வரை போகும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் அவசியம் இல்லாவிட்டால் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற அர்னேஷ் குமார் தீர்ப்பின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. முன்ஜாமீன் மனுவைக் கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில் போடுங்கள், அங்கே கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றம் (நம் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வராது). அதே நாளில் திருட்டு, வெட்டு பற்றி மச்சான் தரப்பில் எழுத்தில் புகார், சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரை வாங்கியதற்கு ஸ்டேஷன் தருவது). வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். கேஸும் எதிர்க்கேஸும் இருந்தால் ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து யார் முதலில் கைவைத்தது என்ற உண்மையைக் கோர்ட் முன் வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு போலீஸ் நிலையாணை 588ஏ சொல்கிறது. வக்கீலிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள், தெரியாதது மாதிரி முழித்தால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

மத்தூர் மாப்பிள்ளை:

ஏ.ஆர். காப்பி பற்றி இப்போதுதான் போனில் கேட்டேன். "திருட வந்தவர்கள் வெட்டினார்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறான், நல்லவேளை. ஒரே வக்கீல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லையே சார். எங்களுக்காக ராத்திரியில் எழுந்து ஓடி வந்தவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் தனியாக வக்கீல் வைத்தால் நாளைக்கு அந்த ஊரில் மாமனார் எப்படித் தலைகாட்டுவார்? ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்?

காவேரிப்பட்டணம் அக்கா:

தம்பி, உங்கள் சங்கடம் புரிகிறது. நான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

ஒரே வக்கீல் என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மச்சானைக் காப்பாற்ற "கால் முறிந்தபோது என் கட்சிக்காரர் அங்கே இல்லை" என்று அவர் வாதாட வேண்டும். அடுத்த நிமிடம் கோர்ட் கேட்கும், அப்படியானால் முறித்தது யார்? அதே வக்கீலின் மற்ற கட்சிக்காரர்கள்தான். அவரால் இந்தப் பக்கமும் பேச முடியாது, அந்தப் பக்கமும் பேச முடியாது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து "யாருக்கும் எதுவும் தெரியாது" என்று நிற்பீர்கள். பொது நோக்கத்தோடு கூடிச் செய்தார்கள் என்ற பிரிவைப் போலீஸ் சேர்த்திருந்தால், எல்லோர் செயலுக்கும் எல்லோரும் பொறுப்பு. தற்காப்பு என்ற நல்ல வாதம் அதோடு காணாமல் போகும். மச்சானுக்கு மட்டும் இல்லை, அந்த மற்றவர்களுக்கும் இது கெடுதல். அவர்களிலும் ஒருவர் கட்டியிருப்பார், ஒருவர் அடித்திருப்பார், ஒருவர் சும்மா வேடிக்கை பார்த்திருப்பார்.

தனி வக்கீல் என்பதற்குக் காட்டிக் கொடுப்பது என்று பொருள் இல்லை. மச்சான் யார் பெயரையும் சொல்ல வேண்டாம், அவன்தான் அங்கே இல்லையே, அவனுக்கு என்ன தெரியும்? அவன் வக்கீல் அவனைப் பற்றி மட்டும் பேசட்டும். ஊர்க்காரர்களுக்கு உதவ வேண்டும் என்றால் அவர்கள் வக்கீல் செலவில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள், அதைவிட நன்றி என்ன இருக்கிறது? மாமனாரே நேரில் போய், அதுவும் இன்றைக்கே, வீடு வீடாகச் சொல்லட்டும். வக்கீல் ஆபீஸில் இருந்து செய்தியாகப் போனால்தான் மனம் கசக்கும்.

பணம் ஒரு தடையாக இருந்தால், கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. காவலில் இருக்கிறவருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. இலவச வக்கீல் என்றால் சுமாராக இருப்பார் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள், இப்போது கிரிமினல் கேஸுக்கென்றே குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் வாதாட முழுநேரமாக இருக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிழக்குமேட்டான்:

சரி, கம்பி வேண்டாம். ஆனால் தற்காப்பு என்று சட்டமே சொல்லும்போது எஃப்.ஐ.ஆர். ஏன் போட்டார்கள்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

வழக்காடி:

புகாரில் இந்த மாதிரிப் பெரிய குற்றம் தெரிந்தால் போட்டே ஆக வேண்டும், லலிதா குமாரி தீர்ப்புக்குப் பிறகு அதில் ஸ்டேஷனுக்கு வேறு வழியில்லை. தற்காப்பா இல்லையா என்பது அதற்குப் பின்னால் தெரிகிற விஷயம். நேர்மையான அதிகாரியாக இருந்து, எதிர்க்கேஸில் திருட்டும் வெட்டும் உண்மை என்று கண்டால் மச்சான் மேல் உள்ளதை முடித்து அறிக்கை அனுப்பலாம். இல்லாவிட்டால் குற்றப்பத்திரிகை, விசாரணை, சில வருடம் வாய்தா. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை, அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வக்கீலைப் பார்க்கும்போது ஊர்க்காரர்களையும் கூட்டிப் போகாமல் மச்சானைத் தனியாக உட்கார வைத்துப் பேச விடுங்கள். வக்கீலிடம் சொல்வது வெளியே போகாது, ஆனால் பக்கத்தில் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தால் மச்சானும் முழுசாகச் சொல்ல மாட்டான், வக்கீலும் கேட்க மாட்டார். பீஸ் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், முன்ஜாமீனுக்கு மட்டுமா, கேஸ் முடியும் வரையா என்று. முன்ஜாமீன் கிடைத்தால் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லி நிபந்தனை வரலாம், ஒரு நாள் கூடத் தவறக் கூடாது. ஜாமீன்தாரர் இரண்டு பேர் கேட்பார்கள், சொத்து ஆவணமும் ஆதாரும் இப்போதே எடுத்து வையுங்கள்.

மத்தூர் மாப்பிள்ளை:

கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலிடம் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏ.ஆர். காப்பியும் நாதாங்கி போட்டோவும் கொண்டு போகிறோம். ஸ்டேஷனுக்கு அவர் பேசிக்கொள்கிறேன் என்றார். மாமனார் இப்போதுதான் எதிர்வீட்டுக்குப் பேசப் போயிருக்கிறார். என்ன நடந்தது என்று நாளை எழுதுகிறேன்.

அரூர்க்காரன்:

அந்தப் பையன் ஸ்டேட்டஸை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வீடியோ போனிலேயே இருக்கட்டும், ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை.